செந்தாமரை என்றொரு தனித்தேர்வர்

சசிகலா டீச்சரிடம் படித்தவர்களைக் கேட்டால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பாடம் நடத்தும்போது நடுவில் யாரையாவது ஒரு வார்த்தை சொல்வார், வகுப்பே சிரிக்கும். சொல் வாங்கியவனும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே சிரித்துவிடுவான். ஆலங்காயத்தில் வீடு. தினமும் காலையில் ஸ்கூட்டரில் மலையேறி, காவலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருவார். அங்கே அறிவியல் ஆசிரியை. தன் வகுப்பில் எவனும் தூங்கியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

தூங்கவில்லை, ஆனால் கேள்வியும் கேட்கவில்லை. அது அவருக்கு உறைக்கவே இல்லை. மலைப் பிள்ளைகள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மாவட்ட அளவில் ஒரு பயிற்சி நடந்தது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட போனில் எழுதுவார்கள், ஆகவே அறிவியல் பாடத்துக்கு இணையவழிக் கலந்துரையாடல் நடத்துங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். மலையில் புது டவர் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சசிகலா தன் பள்ளியின் பத்தாம் வகுப்பையும், பக்கத்து மலைப் பள்ளிகள் இரண்டின் பத்தாம் வகுப்புகளையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். பெரும்பாலும் அப்பாவின் போன், அண்ணனின் போன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கைக்கு அது வரும்.

“இரும்பு துருப்பிடிக்கிறது. தங்கம் ஏன் துருப்பிடிப்பதில்லை?” என்று முதல் கேள்வியைப் போட்டார். எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாரும் எழுதவில்லை. மறுநாள் காலையில் ரோஜாப் படத்தோடு நாலைந்து ‘குட் மார்னிங் மிஸ்’ வந்தது. அடுத்த கேள்விக்கு ஒரு பையன் கைடில் இருந்த பதிலைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதற்கடுத்த கேள்விக்கு அதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் ராஜ்குமாரின் பழைய போன் மேசை டிராயரில் கிடப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதில் இன்னும் ஒரு சிம் உயிரோடு இருந்தது.

அன்று மாலை குழுவில் சசிகலா எழுதினார்: “நம் குழுவில் புதிதாக ஒரு மாணவி சேர்கிறாள். பெயர் செந்தாமரை. கலசப்பாக்கத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறாள். எல்லோரும் அவளுக்கு உதவுங்கள்.”

பிறகு பழைய போனை எடுத்து, செந்தாமரையாக, தப்பும் தவறுமாக ஒரு கேள்வியைத் தட்டினார். “புளி போட்டு தேச்சா பித்தளை சொம்பு பளபளன்னு ஆவுது. புளியில சோப்பு இருக்குதா?”

குழு விழித்துக்கொண்டது. “சோப்பு இல்ல, ஆசிட்” என்று அருண்ராஜ் என்ற பையன் எழுதினான். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன். “அப்போ மோர்லயும் ஆசிட் இருக்குதே, மோர் ஊத்தித் தேச்சா ஆவுமா?” என்று கேட்டாள் செந்தாமரை. மறுநாள் மூன்று வீட்டிலிருந்து பாதி தேய்த்த சொம்புகளின் படம் வந்தது. புளித்த மோரா புது மோரா என்று சண்டை நடந்தது. சசிகலா இரண்டு போன்களையும் முன்னால் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னாடி இது கூத்து?” என்றார் ராஜ்குமார்.

“கூத்துதான். ஆனா பாரு, எல்லாம் பேசுதுங்க.”

தந்திரம் எளிது. செந்தாமரைக்கு எதுவும் ஒழுங்காகத் தெரியாது. அவள் தப்பாகச் சொல்வாள், பிள்ளைகள் திருத்துவார்கள். தங்களைவிடத் தப்பாகப் பேச ஒருத்தி இருக்கிறாள் என்றதும் அவர்களுக்குப் பயம் போய்விட்டது. காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரைகளைத் தினம் பார்க்கிற பிள்ளைகள், அங்கே உள்ள தொலைநோக்கிக்குள் இருப்பது கண்ணாடியா லென்ஸா என்று முதல் முறையாகக் கேட்டுக்கொண்டார்கள். குரலில் பேசச் சொன்னால் செந்தாமரை, “என் போன்ல மைக் ரிப்பேர்” என்பாள்.

பொங்கலுக்கு முன்பு நடந்த அடுத்த பயிற்சியில் சசிகலாவை மேடைக்கு அழைத்து அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் குழுவின் படங்களைத் திரையில் காட்டினார். செந்தாமரையின் கேள்விகளையும் காட்டினார். “பள்ளிக்கே போகாத ஒரு பெண் இப்படிக் கேட்கிறாள்” என்று வாய்கூசாமல் சொன்னார். கைதட்டினார்கள்.

பூவிழி என்ற மாணவி குழுவில் அதிகம் எழுத மாட்டாள். காசி, ஜெயம்மாள் தம்பதியின் மூத்த மகள். சாமையும் கொஞ்சம் புளிய மரங்களும் வைத்திருக்கும் குடும்பம். வகுப்பில் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பாள், பதில் வராது. அவள் ஒருநாள் செந்தாமரைக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

“அக்கா, உங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும். தப்பா இருந்தாலும் கேக்கறீங்க. எனக்கு அப்படி வராது.”

சசிகலா அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏன் வராது என்று கேட்டார், செந்தாமரையாக.

பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. “ஒம்பதாவது படிக்கறப்ப ஒரு தடவ கேட்டேன். நாம நடந்தா நெலாவும் ஏன் கூடவே வருதுன்னு. சசிகலா மிஸ் சொன்னாங்க, உன்னக் கட்டிக்கலாம்னு வருதோ இன்னாவோன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அந்த வருசம் பூரா பசங்க என்ன நெலாப் பொண்டாட்டின்னுதான் கூப்டாங்க. பஸ்லகூட. எங்க மாமா பையன் வூட்ல வந்து சொல்லிட்டான். அதுலருந்து கேக்கறதில்ல.”

சசிகலாவுக்கு அது நினைவிலேயே இல்லை. எந்த நாள், எந்தப் பாடம், ஒன்றும் வரவில்லை. அந்த மாதிரி எத்தனையோ சொல்லியிருப்பார். இது இந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம். அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அடுக்களையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்து போனார்.

திரும்பி வந்து எழுதினார்: “அந்த மிஸ் அப்படிச் சொன்னது தப்பு.”

எழுதியதும் மனம் கொஞ்சம் லேசானது. அந்த லேசுதான் பிறகு அவரை அதிகம் கூசவைத்தது. முகமூடிக்குப் பின்னால் நின்றுகொண்டு தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் என்ன கஷ்டம்?

“இல்லக்கா, அவங்க நல்லாத்தான் சொல்லித் தருவாங்க. எனக்குத்தான் அறிவு கம்மி” என்று பூவிழி எழுதினாள்.

சசிகலா அவளுக்கு விளக்கினார். பக்கத்தில் இருக்கிற மரம் நாம் நடக்க நடக்கப் பின்னால் போய்விடுகிறது. தூரத்து மலை மெதுவாகப் போகிறது. நிலா இருக்கிற தூரத்துக்கு நாம் நடக்கிற நடை ஒரு நடையே இல்லை, அதனால் இருந்த பக்கத்திலேயே இருக்கிறது. கூடவே வருகிற மாதிரி நமக்குத் தோன்றுகிறது.

“இவ்ளோதானா அக்கா? இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

அதற்குப் பின் சசிகலா வகுப்பில் வாயை அடக்கினார். பிள்ளைகளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் செந்தாமரையை அவர் விடவில்லை. பூவிழி தினமும் எழுதினாள். அறிவியல் மட்டுமல்ல, அம்மாவின் கோபம், தம்பியின் காய்ச்சல், தனக்குச் சடங்கு செய்தபோது யார் யார் வரவில்லை என்பது வரை எழுதினாள். ஒரு பிள்ளை தன்னை இவ்வளவு நம்புகிறதே என்று சசிகலாவுக்குச் சுகமாகக்கூட இருந்தது. நம்பியது தன்னை அல்ல என்பதை அவர் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார்.

பிப்ரவரியில் பூவிழி பள்ளிக்கு வருவது நின்றது. ஜெயம்மாள் புளி உலுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று அருண்ராஜ் சொன்னான். அவன் அதே ஊர். “எப்போ வருவான்னு கேட்டுட்டு வா” என்று சசிகலா சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்து, “இனிமே வராதாம் மிஸ். வூட்லருந்தே படிச்சுக்குதாம்” என்றான்.

அன்று சாயங்காலம் பழைய போனில் செய்தி இருந்தது.

“அக்கா, நல்ல சேதி. நானும் உங்கள மாதிரியே வூட்லருந்து படிச்சு எழுதப் போறேன். அம்மா கை சரியாவுற வரைக்கும் ஆடு, அடுப்பு எல்லாம் நான்தான். அப்பா மொதல்ல படிப்பே வேணாம்னாரு. உங்களப் பத்திச் சொன்னேன். அந்தப் பொண்ணு படிக்குதுன்னா நீயும் படின்னுட்டாரு. பள்ளிக்கூடத்துல யார் மூஞ்சியும் பாக்க வேணாம். பாடத்துக்குக் குழு இருக்குது. நீங்க இருக்கீங்க.”

“வேணாம் பூவிழி, நீ பள்ளிக்கூடம் போ. தனியாப் படிக்கறது ரொம்பக் கஷ்டம்” என்று சசிகலா அவசரமாகத் தட்டினார்.

“நீங்க மட்டும் போவலியே அக்கா” என்று வந்தது.

என்ன எழுதினாலும் அதற்கு அந்த ஒரு பதில்தான். செந்தாமரை தன் கஷ்டங்களைச் சொன்னாள்; அவ்வளவு கஷ்டத்திலும் படிக்கிறீர்களே என்று பூவிழிக்கு இன்னும் மரியாதை கூடியது. இல்லாத ஒரு பெண் வாழ்ந்த இல்லாத ஒரு வாழ்க்கையை நம்பி, இருக்கிற ஒரு பெண் தன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அந்தப் போனைக் கிணற்றில் போட்டாலும் இது தீராது என்று சசிகலாவுக்குப் புரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் கோபால்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோபால்சாமி அதிகம் பேசாத மனிதர். கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போன மாசம் பிரேயர்ல நீங்கதானேங்க பேசுனீங்க, முகம் தெரியாதவங்ககிட்ட போன்ல பேசாதீங்கன்னு?”

“ஆமாங்க சார்.”

“ஒரு பொம்பளப் புள்ளைகிட்ட வேற ஆளுன்னு சொல்லி ஒருத்தர் மாசக்கணக்குல பேசியிருக்காரு. அது நீங்க இல்லாம வேற யாராச்சும்னா நாம இன்னாங்க பண்ணியிருப்போம்?”

நல்லெண்ணத்தில்தான் செய்தேன் என்று சொல்லத்தான் சசிகலா வந்திருந்தார். இத்தனை நாளில் இதை இந்தக் கோணத்திலிருந்து ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே என்ற நினைப்பில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போய் நேர்ல சொல்லிட்டு வாங்க. நானும் வர்றேன்” என்றார் கோபால்சாமி.

“வேணாங்க சார். நானே போறேன்.”

மண் ரோட்டில் ஸ்கூட்டர் போகும் வரை போய், அதற்கு மேல் நடந்தார். காசி வீட்டு வாசலில் புளி காயப் போட்டிருந்தார்கள். ஜெயம்மாள் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, இன்னொரு கையால் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர், இன்னா இவ்ளோ தூரம்? பூவிழி, டீச்சருக்குத் தண்ணி கொண்டா!”

பூவிழி சொம்போடு வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. காசி கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலன்னு கேக்க வந்தீங்களா? நிறுத்தல டீச்சர். வூட்லருந்து எழுதட்டும்னு சொல்லிட்டேன். கலசப்பாக்கத்துல ஒரு பொண்ணு அப்படித்தான் படிக்குதாம். உங்களுக்கும் தெரிஞ்ச பொண்ணுதானாமே.”

“அதச் சொல்லத்தாங்க வந்தேன்” என்றார் சசிகலா. “அப்படி ஒரு பொண்ணு இல்லீங்க. செந்தாமரைன்னு யாரும் கெடையாது. நான்தான் வேற போன்லருந்து அந்தப் பேர்ல எழுதினேன்.”

யாருக்கும் புரியவில்லை. பையிலிருந்து பழைய போனை எடுத்துக் காட்டினார். காசி அதை வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். பூவிழி திரையை மேலும் கீழும் தள்ளினாள். அவள் எழுதியவை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தன.

“அப்போ அந்தப் பொண்ணே இல்லியா?” என்றார் ஜெயம்மாள். “இவ சொன்னாளேன்னு அதுக்குன்னு ஒரு பாட்டில் தேன் எடுத்து வெச்சிருந்தேனே. கலசப்பாக்கம் சந்தைக்கு யாராச்சும் போனா குடுத்தனுப்பலாம்னு. தாயில்லாப் புள்ள மாதிரி சித்தி வூட்ல கெடக்குதேன்னு...”

சசிகலாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபால்சாமி சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

பூவிழி நிமிர்ந்தாள். “எல்லாத்தையும் நீங்கதான் படிச்சீங்களா மிஸ்?”

“ஆமாம்மா.”

“நெலா விசயமும்?”

“ஆமா.”

“அந்த மிஸ் சொன்னது தப்புன்னு எழுதியிருந்திச்சே. அது யார் எழுதுனது?”

“நான்தான்.”

“அத நீங்க எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே மிஸ். தெனமும் கிளாஸ்ல பாத்தீங்களே.”

சசிகலா மன்னிப்புக் கேட்டார். வகுப்பில் பேசும் அந்தச் சரளம் எங்கே போனதோ, இரண்டு வாக்கியம் சேர்ந்து வரவில்லை. பூவிழி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காய்ந்த புளிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். ஆடு அவிழ்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். திரும்பி வரவில்லை.

காசி குனிந்து அந்தப் போனை எடுத்துச் சசிகலாவிடம் நீட்டினார். “எங்கள எத்தினியோ பேரு ஏமாத்திக்கினுதான் இருக்காங்க டீச்சர். புளி வெலைக்கு எடுக்க வர்றவன்லருந்து. உங்கள நாங்க அந்தக் கணக்குல வெக்கல.”

“தப்புதாங்க.”

“சரி வுடுங்க.”

முடிவெடுத்தது ஜெயம்மாள்தான். “அந்தப் பொண்ணே இல்லேன்னா, வூட்லருந்து படிக்க முடியும்னு யாரு கண்டது? நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போவட்டும். நீ உங்க அக்காவ வரச் சொல்லு, ஒரு மாசம் இருந்துட்டுப் போவட்டும்” என்றார் கணவரிடம். தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிச் சசிகலாவிடம் நீட்டினார். சசிகலா அதை வாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தார்.

மறுநாள் பூவிழி வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டாள். சசிகலா பாடம் எடுக்காமல் மேசைக்கு முன்னால் வந்து நின்று வகுப்பிடம் சொன்னார். செந்தாமரை யார் என்று சொன்னார். பூவிழியின் பெயரையோ அவள் எழுதியதையோ சொல்லவில்லை. உங்களைப் பேசவைக்க உங்களிடமே பொய் சொன்னேன், நீங்கள் பேசாததற்குக் காரணம் என் வாய்தான், அதுவும் எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றார்.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. அருண்ராஜ் மட்டும் எழுந்தான்.

“மிஸ், அப்போ நான் அந்த அக்காவுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்பா.”

“சரி மிஸ்” என்று உட்கார்ந்துவிட்டான். அந்தச் சில மாதங்கள் அவன் ஒருத்திக்கு வாத்தியாராக இருந்தான். வீட்டிலும் அப்படிச் சொல்லியிருப்பான். அதையும் தான்தான் பிடுங்கிக்கொண்டோம் என்று சசிகலாவுக்கு அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

குழுவிலும் எழுதினார். மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றே வெளியேறினார்கள். பயிற்சியில் தன்னைப் பேசவைத்த அதிகாரிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னபோது அவர், “புள்ளைங்க பேசுச்சு இல்லம்மா, வுடுங்க. வெளியில சொல்லிக்காதீங்க” என்றார். அது ஆறுதலாக இல்லை.

குழு பல நாள் ஊமையாகக் கிடந்தது. சசிகலா அதை மூடவில்லை. தனக்கே சரியாகத் தெரியாத கேள்விகளாகத் தேடித் தன் பெயரிலேயே போட ஆரம்பித்தார். தேன் ஏன் கெட்டுப்போவதில்லை, சில வருடம் பலா ஏன் காய்ப்பதே இல்லை என்று கேட்டார். தப்பாக எழுதினால், எழுதியது தப்பு என்று பிறகு தானே எழுதினார். பரீட்சை நெருங்குகையில் ஒன்றிரண்டு பேர் பதில் போட்டார்கள். அருண்ராஜ் ஒரு தடவை எழுதினான், “மிஸ், நெஜமாவே தெரியாதா?” என்று. தெரியாது என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் அவன் பதில் சொன்னான். பூவிழி குழுவில் இருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள், கடைசி வரை ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவள் பத்தாவது தேறினாள். அறிவியலில் நல்ல மதிப்பெண். ஆலங்காயத்தில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து அறிவியல் பிரிவே எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது சசிகலா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் தனக்குப் பங்கு உண்டா என்று தன்னைக் கேட்டுக்கொண்டார். உண்டு என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

இப்போதும் வகுப்பில் சில நேரம் பழையபடி ஒரு கேலி வார்த்தை நாக்கு நுனி வரை வரும். நிறுத்திக்கொள்வார். பேச்சு நடுவில் அப்படி நின்றுபோவதைப் புது மாணவர்கள் மறதி என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு நின்றிருந்தபோது ஜெயம்மாள் கூப்பிட்டார். கை நன்றாகக் கூடிவிட்டது என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். பூவிழி கூட இருந்தாள், யூனிபார்மில். “வணக்கம் மிஸ்” என்றாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். இயற்பியல் பரவாயில்லை, வேதியியல் கொஞ்சம் கஷ்டம். கண் மட்டும் டீச்சரின் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தது. பிறகு பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

“அது அப்படித்தான் டீச்சர்” என்றார் ஜெயம்மாள், மகளைப் பார்த்தபடி. “மனசுல ஒண்ணு வெச்சுக்கினா லேசுல வுடாது.”

“வெச்சுக்கட்டும்ங்க” என்றார் சசிகலா.

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த ஜெயம்மாள் கையாட்டினார். சசிகலாவும் கையாட்டிவிட்டு, ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கமாக நடந்தார்.